ஷோம்பர்க்: ஜெர்மனியில் பிறந்து பல கொடிகளின் கீழ் போரிட்டவர்

ஜெர்மனியரான ஷோம்பர்க், பிரான்சுக்கு மார்ஷலாக (மிக உயர்ந்த படைப்பதவி) இருந்துவிட்டு இங்கிலாந்துக்கும் படைத்தலைவரானது எப்படி என்பது கேள்வி. அக்காலத்தில் ஓர் அதிகாரியின் விசுவாசம் பிறந்த மண்ணைவிட, சம்பளம் தந்த அரசரையும் தன் மதப் பிரிவையுமே சார்ந்திருந்தது.

1615இல் ஹைடெல்பர்க்கில் ஆங்கிலேயத் தாய்க்குப் பிறந்த அவர், டச்சுப் படையிலும் பின்னர் பிரெஞ்சுப் படையிலும் பணியாற்றினார். எனினும் அவருக்குப் பெரும்புகழ் ஈட்டித் தந்தது, ஸ்பெயினிடமிருந்து விடுபடப் போராடிய போர்ச்சுகல்தான் என்பேன். போர்ச்சுகலுக்கு உதவுவதில்லை என்று 1659இல் ஸ்பெயினுக்கு வாக்களித்திருந்த பிரான்ஸ், அவர் அங்கே செல்வதைக் கண்டும் காணாமல் இருந்தது. உள்ளுக்குள் ஊக்குவிக்கவும் செய்தது. அங்குள்ள படையைச் சீரமைத்த அவர், 1663இல் அமெய்ஷியால், 1665இல் மொன்டிஸ் கிளாரஸ் ஆகிய வெற்றிகளில் முக்கியப் பங்காற்றினார். 1668இல் ஸ்பெயின் போர்ச்சுகலின் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்டது.

1675இல் பிரான்சின் மார்ஷலானார். ஆனால் 1685இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டண்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்த நான்ட் ஆணையை ரத்து செய்தபோது, புராட்டஸ்டண்டான அவர் மதம் மாற மறுத்து, ஏறத்தாழ எழுபது வயதில் பதவியைத் துறந்து வெளியேறினார். ஜெர்மானிய அரசான பிராண்டன்பர்க்கில் சிறிது காலம் இருந்தபின், 1688இல் மன்னர் இரண்டாம் ஜேம்ஸை எதிர்த்துப் படையெடுத்த டச்சுத் தலைவரான ஆரஞ்சு இளவரசர் வில்லியமுடன் இங்கிலாந்தில் இறங்கினார்.

அடுத்த ஆண்டு, பதவியிழந்த ஜேம்ஸின் படையை எதிர்க்கச் சென்ற அயர்லாந்தில், டன்டாக் அருகே சேற்று நிலத்தில் அமைத்த முகாமில் நோய் பரவி அவருடைய வீரர்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். அவர் போர் தொடுக்கத் தயங்கியது லண்டனில் கடும் கண்டனத்துக்குள்ளானது. பயிற்சியற்ற அந்தப் படையை வைத்துக்கொண்டு வேறென்ன செய்திருக்க முடியும்? 1690இல் அயர்லாந்தில் நடந்த போரில் பாய்ன் ஆற்றைக் கடந்து, தடுமாறிய ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டண்ட்) வீரர்களை ஒன்றுதிரட்ட மார்புக்கவசமின்றி விரைந்தபோது வெட்டும் குண்டும் பட்டு இறந்தார். அப்போது அவருக்கு வயது 74.