மழையில்லாமல் நனைந்த கூடாரம்: புதிது வாங்க அவசரப்படாதீர்கள்

நுவரெலியா முகாமில் கூடாரம் ஒழுகியது, புதிது வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அது ஒழுக்கு அல்ல. மழையே பெய்யாத இரவில் உட்கூரை நனைந்திருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உள்ளே படுத்திருந்த ஆறு பேரின் மூச்சுதான் அது. சாரணர் சிறு வேலைகள் செய்து நிதி சேர்க்கும் வேலை வாரத்தில் பிள்ளைகள் வாகனம் கழுவிச் சேர்த்த காசைப் புதிய கூடாரத்தில் கொட்டாதீர்கள்.

நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இரவில் கூடாரத் துணி சில்லிட்டுவிடும். குளிருக்குப் பயந்து வாசலை இறுக மூடினால், மூச்சின் ஈரம் அதில் முத்து முத்தாகப் படியும். விடியற்காலையில் யாராவது புரண்டு படுத்தால் எல்லார் முகத்திலும் தெறிக்கும். ஈரக் காலுறைகளை உள்ளேயே காயப்போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஏப்ரல் முகாமுக்கு முன் பாடசாலை மைதானத்தில் ஒரு பகல் வெறும் கூடாரத்தை அடித்து, பூவாளியால் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு உள்ளே போய்த் தையலோரமாக விரலால் தடவிப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நான் சொன்னதுதான்: இரவில் மேல் சாளரத்தைத் திறந்துவையுங்கள், வெளிவிரிப்பு உள்துணியைத் தொடாதபடி இழுத்துக் கட்டுங்கள். தையலில் ஈரம் பட்டால் அந்த இடத்துக்கு மட்டும் தையலை அடைக்கும் பசை பூசினால் போதும்.

ஒன்று மட்டும் கவனம். ஈரம் போக்கவென்று கரியடுப்பை உள்ளே வைக்காதீர்கள். கரி எரியும்போது வரும் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு மணமில்லை, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.