கிறிஸ்து ஏற்கெனவே பிறந்துவிட்டாரே, திருவருகைக் காலத்தில் எதை நம்பிக் காத்திருக்கிறோம்?

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். அதன் முதல் ஞாயிறு வாசகங்களைத் திறந்து பாருங்கள், குழந்தை இயேசுவைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. கத்தோலிக்க வாசக முறையின் மூன்று ஆண்டுச் சுழற்சியில் அன்றைய நற்செய்தி மத்தேயு 24, மாற்கு 13, லூக்கா 21 என்று மாறி மாறி வரும். மூன்றுமே மானிட மகனாகிய இயேசு மீண்டும் வருவதையும், நாளும் நேரமும் தெரியாததால் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதையும்தான் பேசுகின்றன. வழிபாடு நேரடியாகப் பெத்லகேம் பக்கம் திரும்புவது டிசம்பர் 17-இல்தான்.

முதல் வருகையில் சொன்னதைச் செய்த கடவுள் இரண்டாவதிலும் செய்வார் என்று, தேதி தெரியாமலே, இன்றைய வாழ்க்கையை அதற்கேற்ப அமைத்துக்கொள்வதே இக்காலத்தின் நம்பிக்கை. 12-ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து என்ற துறவி இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வருகை ஒன்றையும் சொன்னார்: இப்போது, ஒவ்வொருவர் உள்ளத்திலும், கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வது.

என்னைக் கேட்டால், இதற்கு மிகச் சிறந்த பாடம் திருமுழுக்கு யோவான். முதல் ஆண்டின் மூன்றாம் ஞாயிறு நற்செய்தியில் (மத்தேயு 11) அவர் சிறையில் இருக்கிறார். "வரவிருப்பவர் நீர்தாமா, வேறொருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" என்று சீடர்களை அனுப்பிக் கேட்கிறார். யோர்தானில் மெசியாவைச் சுட்டிக்காட்டியவரே இப்படிக் கேட்கிறார். இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், நடக்க முடியாதவர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று இறைவாக்கினர் எசாயாவின் சொற்களிலேயே பதில் அனுப்புகிறார். ஆனால் எசாயா 61-இல் அதே இடத்தில் வரும் "சிறைப்பட்டோருக்கு விடுதலை" அந்தப் பதிலில் இல்லை. யோவான் சிறையிலேயே கொல்லப்பட்டார். திருவருகைக்கால நம்பிக்கை நம் கதவு திறக்கும் என்ற உத்தரவாதம் அல்ல. "நினைத்தது டிசம்பருக்குள் நடக்கும்" என்ற போதனையை அதனால்தான் ஏற்க முடியாது.

கேள்வி கேட்டாலே அவநம்பிக்கை என்றும் எண்ண வேண்டாம். டிசம்பர் 19, 20 நற்செய்திகளை அடுத்தடுத்துப் படியுங்கள். பிள்ளை பிறக்கும் என்று வானதூதர் அறிவித்ததும், யோவானின் தந்தை செக்கரியாவும் கேட்கிறார், இயேசுவின் தாய் மரியாவும் கேட்கிறார். செக்கரியா கேட்டது நடக்கும் என்பதற்கு ஆதாரம். மரியா கேட்டது நடக்கும் விதம். செக்கரியா பேச்சிழந்தார். அவர் நாவு மறுபடி கட்டவிழ்வது 23-ஆம் தேதி நற்செய்தியில், அவர் பாடும் புகழ்ப்பாடல் 24 காலையில்.

இனி நடைமுறை. திருவருகைக் காலத்துக்கான பச்சை இலை வளையத்தில் ஊதா மெழுகுவர்த்தி மூன்று, இளஞ்சிவப்பு ஒன்று. முதல் வாரம் ஒன்று, அடுத்த வாரம் இரண்டு என்று ஏற்ற வேண்டும். இளஞ்சிவப்பு மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. படம் எடுப்பதற்காக முதல் நாளே நான்கையும் ஏற்றினால் வளையத்தின் நோக்கமே போய்விடும். ஊதா நிறத்தைப் பார்த்து இதை இன்னொரு தவக்காலம் என்று எண்ணுவோரும் உண்டு; அப்படியல்ல. ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடாததற்குக் காரணம், பிறப்பு இரவில் அது புதிதாக ஒலிக்க வேண்டும் என்பதே. அல்லேலூயா நிற்பதில்லை, தவக்காலத்தில்தான் அது நிற்கும்.

கேரல், கேக், விருந்து எல்லாம் 20-ஆம் தேதிக்குள் முடிந்து, 25 மாலையே அலுத்துப்போவது அடிக்கடி நடக்கிறது. உண்மையில் கிறிஸ்து பிறப்புக் காலம் 24 மாலையில்தான் தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீள்கிறது. கொண்டாட்டத்தில் பாதியையாவது அந்த நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

நேரமே இல்லாதவர்கள் 17 முதல் 24 வரையிலான எட்டு நற்செய்திப் பகுதிகளை மட்டும் படிக்கலாம்: மத்தேயு முதல் அதிகாரம், லூக்கா முதல் அதிகாரம், அவ்வளவே. கூடவே லூக்கா 3:10-14. "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று மக்கள் கேட்க, இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு என்கிறார் யோவான். வரி தண்டுவோரிடம் வேலையை விடச் சொல்லவில்லை, விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். உங்கள் வேலையில் அதற்கு இணையானது எது என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் வீட்டு வேலையே சரியாக இருக்கும்.