வாசகர் கேள்வி–பதில்: சாந்தகப்பை பிடித்த கைக்குச் சான்றிதழ்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் 20 வருடமாக மேசன் வேலை செய்கிறேன். வயது 44. சாதாரண தரம் சித்தியில்லை. பழைய கட்டடங்களைத் திருத்தும் வேலைக்கு மாற விருப்பம். சான்றிதழ் கேட்கிறார்கள். இந்த வயதில் அரசாங்க உதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். அதற்காக வகுப்பில் போய் முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. தெரிந்த வேலையைச் செய்துகாட்டி என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்றகைமை பெறலாம். இந்த வழிக்கு முன்கற்றலை அங்கீகரித்தல் என்று பெயர், ஆர்.பி.எல். என்று கேட்டால் எல்லோருக்கும் விளங்கும். ராஜகிரியவிலுள்ள நைட்டா எனப்படும் பயிலுநர், கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலோ நாரஹேன்பிட்டியிலுள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். விண்ணப்பத்திலேயே தமிழ்மொழி மூலம் என்று எழுதிவிடுங்கள்.

விண்ணப்பிக்குமுன் ஆதாரங்களைச் சேருங்கள். வேலை தந்தவர்களிடம் எந்த வருடம், எந்த இடம், என்ன வேலை என்று குறித்த கடிதம் வாங்குங்கள். படங்களும் வேண்டும். பூசி முடித்த சுவரின் படத்தால் பயனில்லை, அதை யார் கட்டினார் என்று அது சொல்லாது. கல் அடுக்கும்போது, தூக்குக்குண்டு பிடிக்கும்போது, நீங்களும் தெரியும்படி எடுத்த படங்களே பேசும்.

மதிப்பீட்டாளர் உங்கள் வேலையைப் பார்ப்பார், வாயாலும் கேள்வி கேட்பார். அனுபவசாலிகள் தடுமாறும் இடம் இதுதான். கை சரியாகச் செய்யும். செங்கல்லை ஏன் நனைத்தீர்கள் என்றால் பதில் வராது. நனைக்காத கல் சாந்தின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு இருக்காது. இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லிப் பழகுங்கள். வரைபடம் வாசிக்கவும் பழகுங்கள். தலைக்கவசமும் சப்பாத்தும் இல்லாமல் போகாதீர்கள். தனித்து முழு வேலையும் செய்பவருக்கு என்.வி.கியூ. 4ஆம் மட்டம், அதையே குறிவையுங்கள்.

ஆனால் இந்தச் சான்றிதழ் மட்டும் உங்களைச் சுண்ணாம்பு மேசன் ஆக்காது. உங்கள் பக்கத்திலேயே 1757இல் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் நிற்கிறது. போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்தான். அந்தக் காலத்துச் சுவருக்குச் சுண்ணாம்புதான் பொருந்தும். தொல்பொருள் திணைக்களமும் மத்திய கலாசார நிதியமும் பேணல் பணி நடத்தும் இடங்களில் உதவியாளராகவாவது சேர முடியுமா என்று நேரில் போய்க் கேளுங்கள். சுண்ணாம்பைப் பார்த்துப் பழகாமல் கற்க முடியாது.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுச் சுவருக்குச் சீமெந்து பூசினோம். இரண்டு மழைக்குள் பொருமிக் கழன்றுவிட்டது. ஏன்?

பதில்: பழைய சுவர் நிலத்திலிருந்து ஈரம் இழுத்து வெளியே விடும். சீமெந்து அந்த வழியை அடைத்துவிட, உள்ளே தேங்கும் உப்பு பூச்சைத் தள்ளுகிறது. முழுதும் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக் களி (நீற்றிய சுண்ணாம்புப் பசை) 1, கழுவிய மணல் 3 என்ற அளவில் பூசுங்கள். சுவரை நனைத்து, ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூசி, ஒரு கிழமை ஈரச்சாக்குத் தொங்கவிடுங்கள். வெயிலில் சட்டென்று காய்ந்தால் சுண்ணாம்பு இறுகாது, விரலால் தேய்த்தாலே மாவாய் உதிரும்.

களிக்கு, சுட்ட சுண்ணாம்பைத்தான் தண்ணீருக்குள் சிறிது சிறிதாகப் போடவேண்டும். சுண்ணாம்பின்மேல் தண்ணீரைக் கொட்டினால் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். திகன, மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்புக் கல்லில் மக்னீசியம் உண்டு, அது மெதுவாகவே நீறும். குறைந்தது ஒரு மாதமாவது தண்ணீருக்குள் ஊறட்டும். அவசரப்பட்டால் நீறாத மணிகள் பூச்சுக்குள் ஊதி, சுவரெங்கும் சிறு குழிகளாய் வெடிக்கும்.