மரபணு ஆராய்ச்சியில் விருப்பம், கணிதத்தில் அச்சம்: +1 வகுப்பில் எந்தப் பிரிவு?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

மரபணு ஆராய்ச்சிக்குத்தான் போவேன் என்று தங்கள் மகள் உறுதியாக இருப்பதையும், கணிதத்துக்கு அஞ்சித் தாவரவியல், விலங்கியல் உள்ள பிரிவைக் கேட்பதையும் எழுதியிருந்தீர்கள். கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப்பில் அவளைச் சேருங்கள் என்பதே என் கருத்து. அதற்கான காரணத்தை அவள் விரும்பும் வேலையிலிருந்தே சொல்கிறேன்.

ஒரே மரபணு மாறுபாடு உடலின் பல பண்புகளில் கை வைப்பதுண்டு. கிழக்கு ஆசிய மக்களிடம் பரவலாக உள்ள ஈ.டி.ஏ.ஆர். மரபணு மாறுபாடு தலைமுடியைத் தடிமனாக்குவதோடு, முன்பற்களின் உட்புறத்தை மண்வாரி போலக் குழிந்திருக்கவும் செய்கிறது. இத்தகைய மாறுபாடுகளைத் தேடிக் கண்டுபிடிப்பது இன்று பெரும்பாலும் கணினியின் முன் அமர்ந்து செய்யும் புள்ளியியல் வேலை.

2007-இல் எஃப்.டி.ஓ. என்ற மரபணுவின் மாறுபாடு ஒன்று சர்க்கரை நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் உடல் எடையைக் கணக்கில் கொண்டு மீண்டும் பார்த்தபோது அந்தத் தொடர்பு மறைந்துவிட்டது. அதாவது, அந்த மாறுபாடு முதலில் எடையைக் கூட்டுகிறது, கூடிய எடை நோய்க்கு வழி செய்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்து அதன் இரண்டு பிரதிகளைப் பெற்றிருந்த ஐரோப்பிய வம்சாவளியினர், ஒன்றுகூட இல்லாதவர்களைவிடச் சராசரியாக 3 கிலோ கூடுதல் எடை கொண்டிருந்தனர். ஒரு மாறுபாடு இரண்டு பண்புகளையும் நேரடியாகத் தொடுகிறதா, ஒன்றின் வழியாக மற்றொன்றைத் தொடுகிறதா என்பதை நுண்ணோக்கி காட்டாது. கணக்குத்தான் பிரித்துக் காட்டும். இந்த இடம் எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

மேலும், மரபணுத் தொகுப்பின் ஏறத்தாழ 10 லட்சம் இடங்களை ஒரே நேரத்தில் சோதிக்கும்போது, தொடர்பே இல்லாத இடத்திலும் நூற்றுக்கு ஐந்து முறை தவறலாம் என்ற வழக்கமான அளவுகோலை வைத்தால் தற்செயலாகவே 50,000 பொய்த் தொடர்புகள் கிடைத்துவிடும் என்பதால், 10 கோடியில் 5 என்ற கடுமையான வரம்பை ஆய்வாளர்கள் கடைப்பிடிக்கிறார்கள். பல பண்புகளைச் சேர்த்துச் சோதிக்கும்போது, உயரமும் எடையும் போல அவை தமக்குள் கொண்டுள்ள உறவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நிகழ்தகவும் அணிகளும் (மேட்ரிக்ஸ்) இல்லாமல் இதற்குள் நுழைய வழியில்லை.

வருமானம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பி.எஸ்சி. மட்டும் போதாது, முதுகலையும் முனைவர் பட்டமும் தேவைப்படும் நீண்ட பாதை இது. தேசியத் தகுதித் தேர்வின் வழியாக இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை பெறுபவர்களுக்கு மாதம் 37,000 ரூபாய் கிடைக்கிறது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும், மேற்கு வங்கம் கல்யாணியில் உள்ள தேசிய உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனமும் அவள் மனத்தில் இருக்கட்டும். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் இளங்கலைப் புள்ளியியல் படிப்புக்கு +2-இல் கணிதம் கட்டாயம். பின்னால் மனம் மாறினாலும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

கணிதத்தில் அவள் இடறுவது இயற்கணிதத்திலா, வடிவியலிலா என்று பார்க்க, பத்தாம் வகுப்பு விடைத்தாள்களை அடுத்த முறை எடுத்து வாருங்கள். வடிவியல் என்றால், இந்தத் துறையைப் பொறுத்தவரை பயப்பட வேண்டியதில்லை. இயற்கணிதம் என்றால், பள்ளி திறப்பதற்குள் அதை மட்டும் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம்.