கொழும்பின் பருவங்களோடு ஒரு வரைகொப்பி: கேள்வி பதில்

வெள்ளவத்தை: அக்கா, கொழும்பில் வருசம் முழுக்க ஒரே வெக்கை. பருவமே இல்லாத ஊரில் பருவத்தோடு சேர்ந்து எதை வரைவது?

வெக்கையைப் பார்த்தால் பருவம் பிடிபடாது. மழை, காற்று, கடல், இலை, பறவை இவற்றைப் பாருங்கள். தை, மாசியில் நாட்டு வாதுமை இலைகள் சிவந்து கொட்டும். புத்தாண்டை ஒட்டி முள்முருக்கு பூத்திருக்கும். மே மாதம் தென்மேல் காற்று இறங்கியதும் கடல் கலங்கிவிடும். ஒக்டோபரில் ஆறுமணிக்குருவி வடக்கே இந்தியாவிலிருந்து வந்து வீட்டுத் தோட்டங்களில் இறங்கும், ஏப்ரலோடு திரும்பிவிடும்.

தொடங்குவதற்கு ஒரு தாள் போதும். ஏ4 தாளைக் கிடையாக வைத்து, 9 மி.மீ. அகலமும் 14 மி.மீ. உயரமுமாக ஒரு வரிசைக்கு 31 கட்டம், மாதத்துக்கு ஒன்றாக 12 வரிசை கீறுங்கள். தினமும் பின்னேரம் 5.30க்கு ஒரே யன்னலால் வானத்தைப் பார்த்து, அந்த நிறத்தை நீர்வர்ணத்தால் அன்றைய கட்டத்தில் இடுங்கள். இங்கே சூரியன் ஆக முந்தி மறைவது நவம்பரில், 5.50 அளவில். ஆகவே 5.30 என்றால் ஆண்டு முழுக்க வெளிச்சம் இருக்கும். சாம்பல் நிறத்துக்குக் கறுப்பு வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தையும் பேர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் கலவுங்கள். நீலம் கூடினால் மழை முகில், சியன்னா கூடினால் புழுதி படிந்த மாசி வானம். தவறிய நாளை வெறுமையாக விடுங்கள். ஞாபகத்தில் நிரப்பினால் அந்தத் தாளை நம்ப முடியாது.

பம்பலப்பிட்டி: பெட்டியில் வர்ணமெல்லாம் பூஞ்சணம். பழுதான சாமானா?

இல்லை, ஈரத்தோடு மூடியிருக்கிறீர்கள். வரைந்து முடிந்ததும் பெட்டியைத் திறந்தபடி ஃபானுக்குக் கீழே இரவு முழுக்க வையுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாத பின்னரே மூடுங்கள். தேன் கலந்த வர்ணம் நம் ஈரலிப்பில் சரியாக உலராது, அதைத் தவிர்க்கலாம். பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைத்து, மேல்படையைக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். தூரிகை கழுவும் தண்ணீரில் ஒரு சொட்டுக் கராம்பு எண்ணெய் விட்டால் திரும்ப வருவது குறையும்.

தெஹிவளை: நல்ல தடித்த தாள்தான், சதுர மீட்டருக்கு 300 கிராம் (ஜி.எஸ்.எம்.). ஆனால் வர்ணம் திட்டுத்திட்டாக ஊறுகிறது.

தாளின் மேலே பூசிய பசை போய்விட்டது. மாதக்கணக்கில் ஈரலிப்பில் கிடந்தால் அப்படித்தான். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நல்ல தாளில் சொட்டு உருண்டு நிற்கும், கெட்ட தாளில் உடனே உள்ளே போய்விடும். கெட்டதைப் பென்சிலுக்கு ஒதுக்கிவிடுங்கள். மிச்சத் தாளை இறுக மூடும் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளோடு வையுங்கள். செம்மஞ்சள் மணிகள் பச்சையானதும் ஓவனில் 120 பாகை செல்சியஸில் இரண்டு மணித்தியாலம் சூடாக்கினால் திரும்பப் பாவிக்கலாம். சிமெந்துச் சுவரோடு ஒட்டிய அலுமாரியில் மட்டும் தாள் வைக்காதீர்கள்.

கொட்டாஞ்சேனை: எந்தப் பெட்டி வாங்கலாம்?

அல்ட்ராமரின், பேர்ன்ட் சியன்னா, ஒரு மஞ்சள், ஒரு சிவப்பு. சிவப்பில் பி.ஆர்.83 என்ற நிறமிக் குறியீடு எழுதியிருந்தால் வாங்காதீர்கள், வெளிச்சத்தில் மங்கிவிடும்.

மட்டக்குளி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பெரும்பொழுதுகள் நமக்கு இருக்கின்றன. கொப்பியை அவற்றால் பிரிக்காமல் ஆங்கில மாதத்தால் பிரிப்பது ஏன்?

சேர், அந்த ஆறும் எனக்கும் பிடித்தவை. ஆனால் அவை வேறு நிலத்து வானத்தைப் பார்த்துப் பிரித்தவை. ஆனியும் ஆடியும் முதுவேனில் என்கிறது இலக்கணம். கொழும்பில் அப்போது தென்மேல் மழை. மார்கழி முன்பனி என்றால், இங்கே பனிக்குப் பதில் மழை ஓய்ந்த தெளிந்த காலைதான் இருக்கும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் பிரிப்பு நான்கு: மார்ச், ஏப்ரல் இரண்டும் முதலாம் இடைப்பருவம், மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று, ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம், டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவக்காற்று. கொழும்பில் மே, ஒக்டோபர், நவம்பரில் சராசரி மழை 300 மி.மீ.யைத் தாண்டும். தையில் அதில் நாலிலொன்றும் இராது.

கல்கிசையில் இருக்கும் மட்டக்களப்புக்காரர்: சேர் சொல்வதுதான் சரி. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் கச்சான் என்ற வறண்ட காற்று அடித்து நிலமே வெடிக்கும்!

தம்பி, அதே காற்றுத்தான். தென்மேலாக ஈரத்தோடு வந்து, மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலை தாண்டிக் கீழிறங்கும்போது காய்ந்து சூடாகி உங்கள் ஊரை அடைகிறது. மட்டக்களப்பில் கொப்பி வைத்தால் முதுவேனில் என்றே எழுதுங்கள். கொழும்புக் கொப்பியில் எழுதினால் பக்கத்தில் இருக்கும் சாம்பல் வானம் அதை மறுக்கும்.

மட்டக்குளி: பெயரை விட என் மனம் ஒப்பாது.

விடவேண்டாம் சேர். பக்கத்தின் தலைப்பில் தமிழ் மாதத்தையும் பெரும்பொழுதையும் எழுதுங்கள், அடியில் அன்று கண்டதை எழுதுங்கள். இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே விலகுகின்றன என்பது ஓராண்டில் தெரியும். அதுவே தனிக் கொப்பிக்குரிய விசயம்.

வத்தளை: எந்த நேரம் வெளியே போகலாம்?

ஒக்டோபர், நவம்பரில் காலை மட்டும். பின்னேரம் இடிமுகில் திரண்டுவிடும், ஏப்ரலிலும் அப்படியே. இடி கேட்டால் மரத்தடியில் நிற்காதீர்கள், கட்டடத்துக்குள் போங்கள். தென்மேல் காலத்தில் கடலோரம் உப்புத் தூவானம் ஈரப்பூச்சில் விழுந்து புள்ளி புள்ளியாக வெளுக்கும். உள்ளே தள்ளி இருங்கள். பெத்தகான ஈரநிலப் பூங்கா, தலங்கம, பேரே வாவி எல்லாம் நல்ல இடங்கள். ராம்சார் என்ற சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக ஏற்கப்பட்ட ஊர் கொழும்பு.

வெள்ளவத்தை, இன்னொருவர்: கடற்கரையில் ஒரே சூரியாஸ்தமனத்தை எத்தனை தரம் வரைவது?

அது ஒரே இடத்தில் மறைவதில்லை. யூன் கடைசியில் நேர் மேற்குக்கு வடக்கே ஏறத்தாழ 23 பாகை, டிசெம்பரில் தெற்கே அதே அளவு. கையை நீட்டி முட்டி பிடித்தால் ஒரு முட்டி 10 பாகை. ஆக, ஆண்டுக்குள் கிட்டத்தட்ட ஐந்து முட்டி தூரம் நகர்கிறது. ஒரே இடத்தில் நின்று, அடிவானக் கோட்டை ஒரே நீளத்தில் கீறி, மாதம் ஒருமுறை சூரியன் தொடும் புள்ளியைக் குறியுங்கள். திகதியோடு நேரத்தையும் எழுதுங்கள். ரயில் பாதையில் நின்று வரையவே வேண்டாம்.

பொரளை: எந்தப் பெட்டி வாங்கலாம்?

கொட்டாஞ்சேனைக்குச் சொன்ன நாலு நிறமும்.

கொள்ளுப்பிட்டி: மகளின் சித்திரப் பரீட்சைக்கு இது உதவுமா?

பாடத்திட்டத்தை அவளுடைய சித்திர ஆசிரியரிடம் கேளுங்கள்.

பெயர் சொல்லாதவர்: மாதக்கணக்கில் தூக்கமில்லை. வரைந்தால் சுகமாகுமா?

வரைவது மருந்துக்கு மாற்றல்ல. முதலில் வைத்தியரைப் பாருங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. கொப்பி அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

கிருலப்பனை: என் பெட்டியிலும் பூஞ்சணம்...

காய்ந்த பின் மூடுங்கள். பம்பலப்பிட்டிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

தெமட்டகொட: மே மாதத்தோடு விட்டுவிட்டேன். ஜனவரியில் புதிதாகத் தொடங்கவா?

ஜனவரிக்குக் காத்திருக்க வேண்டாம். அதே தாளில் இன்றைய கட்டத்திலிருந்து போங்கள், விடுபட்ட வரிசைகள் வெள்ளையாகவே இருக்கட்டும். அடுத்த மே மாதத்தை மட்டும் இன்னொரு தாளில் இட்டு இதோடு சேர்த்து ஒட்டுங்கள், ஆண்டைத் தலைப்பில் எழுத மறக்காமல்.