மாமனார் வீட்டு மேசையில் 5 நிமிடம்: எந்த வசனத்தை எடுப்பது?

கேள்வி: லண்டன் ஹாரோவில் கட்டட வேலை மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி யூதக் குடும்பம். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது, அந்த வாரம் வாசிக்க வேண்டிய தோரா (பைபிளின் முதல் ஐந்து புத்தகங்கள்) பகுதியிலிருந்து இன்றைய வாழ்க்கைக்கு ஒரு பாடம் என்று யாராவது ஒருவர் பேசுவார்கள். அடுத்த வாரம் என் முறை என்று மாமனார் சொல்லிவிட்டார். பகுதி 'கீ தேட்சே'. எடுத்துப் பார்த்தால், அடங்காத மகனைக் கல்லெறிந்து கொல்லச் சொல்கிறது. இதில் என்ன பாடம் சொல்வது?

பதில்: கல்லெறிவதைத் தொடவே தொடாதீர்கள். அந்த வசனம் தால்முத் (யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பு) காலத்து அறிஞர்களையே உறுத்தியிருக்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் குரல், தோற்றம், உயரம் மூன்றும் ஒன்றுபோல இருந்தால்தான் இந்தச் சட்டம் செல்லும் என்று ஒருவர் நிபந்தனை போட்டார். அப்படி ஒரு மகன் இருந்ததுமில்லை, இருக்கப்போவதுமில்லை என்றும் சொல்லி வைத்தார்கள். யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள், போதும்.

தோராவின் கடைசிப் புத்தகமான உபாகமத்தில் 21:10 முதல் 25:19 வரை உங்கள் பகுதி. தோராவில் இருப்பதாக மரபு எண்ணும் 613 கட்டளைகளில் 74 இதற்குள் வருவதாக மரபுக் கணக்கு ஒன்று உண்டு. தோராவை 54 துண்டாக்கி வருஷத்துக்குள் ஓட்டி முடிக்க வேண்டும் என்பதால் இந்த நெரிசல். ஜெப ஆலயத்தில் மளமளவென்று வாசித்துவிடுவார்கள். பிரசங்கம் செய்பவரோ 74-ஐயும் ஒரே நூலில் கோத்து, கேட்பவர் கையில் ஒன்றையும் தராமல் அனுப்புவார். நீங்கள் ஒரே ஒரு வசனத்தைப் பிடியுங்கள்.

உங்கள் தொழிலுக்கென்றே ஒன்று இருக்கிறது: 22:8. புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் கட்டு, யாராவது விழுந்து உன் வீட்டின்மேல் ரத்தப்பழி வரக்கூடாது. அந்த நாட்டு வீடுகள் நம் மொட்டை மாடி மாதிரிதான். பைபிளின் யோசுவா கதையில் ராகாப் என்ற பெண் வேவுகாரர்களை ஒளித்து வைப்பது மாடியில் பரப்பியிருந்த சணல் தட்டைக்குள். நம் வீட்டில் வற்றல் காயப்போட்டிருப்போம், அவ்வளவுதான் வித்தியாசம்.

வசனத்தின் எபிரேயத்தில் ஒரு விசித்திரம் உண்டு. 'ஒருவன் விழுந்தால்' என்று இல்லை, 'விழுகிறவன் விழுந்தால்' என்று இருக்கிறது. விழுவதற்கு முன்பே அவனுக்கு அந்தப் பெயர். 11-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் உரை எழுதிய ராஷி இதைப் பிடித்துக்கொள்கிறார்: அவன் விழ வேண்டியவனாகவே இருக்கட்டும், அது உன் கையால் நடக்க வேண்டாம். நம் ஊரில் சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் முதலில் வரும் சொல் 'அவன் விதி'. விதியை ஒப்புக்கொண்ட பிறகும் சுவர் உன் பொறுப்புதான் என்கிறது இந்த வசனம். சாரத்தில் ஆள் ஏற்றும் உங்களுக்கு இதைவிட நல்ல வசனம் கிடைக்காது.

அளவும் சொல்லியிருக்கிறார்கள்: 10 கையகலத்துக்குக் குறையக்கூடாது, ஏறக்குறைய 80 சென்டிமீட்டருக்கு மேல். ஒருவன் சாய்ந்தாலும் சுவர் தாங்க வேண்டும் என்கிறார் 12-ஆம் நூற்றாண்டு யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸ். கடிநாயையும் ஆட்டம் கண்ட ஏணியையும் வீட்டில் வைக்காதே என்பதையும் தால்முத் இதே வசனத்திலிருந்துதான் எடுக்கிறது. ஏணியைப் பற்றி நீங்கள் பேசுங்கள். சைட்டில் பார்த்ததைச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பொறி. இணையத்தில் தேடினால், கைப்பிடிச்சுவர் என்றால் 'மனசுக்கு ஒரு வேலி' என்று ஆயிரம் பேர் எழுதியிருப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். செங்கல்லை உணர்ச்சியாக்கிவிட்டால் யாரும் சுவர் கட்ட மாட்டார்கள். அதைவிட மோசம் எபிரேய எழுத்துக்கு எண் போட்டுக் கூட்டி, 'மறைந்திருக்கும் ரகசியம்' என்று காசு வாங்கிக்கொண்டு வகுப்பு எடுப்பவர்கள். எண் கூட்டும் விளையாட்டு மரபில் உண்டு, பழைய உரைகாரர்களும் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி வைத்தார்கள். இவர்கள் ஊறுகாயையே சோறு என்று விற்கிறார்கள். தமிழிலும் இந்தக் கடை திறந்தாயிற்று.

இன்னொரு வசனமும் உங்களை இழுக்கும்: 24:15, கூலிக்காரனுக்கு அன்றன்றே, பொழுது சாய்வதற்குள் கூலி கொடு. அழகான வசனம், ஆனால் உங்களைப் போல ஆள் பிடித்து வேலை வாங்குபவருக்கு உள்ளே ஒரு கத்தி இருக்கிறது. 'போய் எனக்கு ஆள் கூட்டி வா' என்று ஒருவரை அனுப்பினால், கூலி தாமதமானாலும் இருவருமே இந்தக் கட்டளையை மீறியவர்கள் ஆக மாட்டார்கள் என்கிறது தால்முத். வீட்டுக்காரர் ஆளை அமர்த்தவில்லை, அமர்த்தியவர் கையில் அந்த வேலையின் பலன் இல்லை. இடையில் போனவர் 'கூலி என் பொறுப்பு' என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மாட்டுவார். மரேமார், மார் சுத்ரா என்ற இரண்டு பெரிய அறிஞர்களே ஒருவருக்காக மற்றவர் ஆள் அமர்த்திக்கொண்டதாக அதே இடத்தில் எழுதியிருக்கிறது. சட்டம் தப்பித்தது, கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்று அந்த வரியில் இல்லை. சப்-காண்ட்ராக்ட், அதற்குக் கீழே இன்னொரு சப்-காண்ட்ராக்ட் என்று இன்று நடப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் ஆட்களுக்குப் போன வாரக் கூலி போய்ச் சேர்ந்துவிட்டதா? இல்லையென்றால் இந்த வசனத்தை மேசையில் எடுக்காதீர்கள்.

பேசும் முறை பற்றி இரண்டு வார்த்தை. கைப்பேசியில் குறிப்பு வைத்துக்கொள்ளலாமா என்று மனைவியிடம் முன்பே கேளுங்கள். ஓய்வுநாள் அனுசரிக்கும் வீடானால் வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு முன்பே போனை வைத்துவிடுவார்கள், பேனாவையும் தொட மாட்டார்கள். மத்தியானமே ஒரு தாளில் நாலு வரி எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். 5 நிமிடம் என்றால் 4 நிமிடத்தில் முடியுங்கள்.

"அப்படியானால் எங்கள் ஜெப ஆலயத்து மாடிக்கும் சுவர் வேண்டுமோ?" என்று மாமனார் மடக்கலாம். வேண்டியதில்லை, அது யாரும் குடியிருக்கும் வீடு அல்ல என்பதால் பழைய சட்டம் விலக்கு தருகிறது. கேட்டால் மட்டும் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பேசாமல் சூப்பைக் குடியுங்கள்.