ஒற்றைக்காலில் உட்கார்ந்து எழுவது எப்படி? பிஸ்டல் ஸ்குவாட் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு கால்களில் 50 முறை சிரமமில்லாமல் உட்கார்ந்து எழுகிறேன். மற்றக் காலை முன்னே நீட்டிக்கொண்டு ஒற்றைக்காலில் உட்காரும் பிஸ்டல் ஸ்குவாட்டில், பாதி இறங்கியதுமே மல்லாந்து விழுகிறேன். தொடையில் பலம் போதவில்லையா?

பதில்: 50 முறை செய்கிறவர் முதலில் தொடையைச் சந்தேகிக்க வேண்டாம், கணுக்காலைப் பாருங்கள். அடிவரை இறங்கும்போது உடல் எடை முழுவதும் அந்த ஒரு பாதத்துக்கு மேலேயே நிற்க வேண்டும். அதற்கு முழங்கால் முன்னே போயாக வேண்டும். கணுக்கால் மடங்க மறுத்தால் இடுப்பு பின்னால் தங்கிவிடும். பிறகு விழாமல் என்ன செய்யும்?

சோதிக்க ஒரு சுவர் போதும். வெறுங்காலுடன், பெருவிரல் சுவரிலிருந்து சுமார் 10 செ.மீ. தள்ளி இருக்குமாறு பாதத்தை வையுங்கள். குதிகால் எழாமல் முழங்கால் சுவரைத் தொட்டால் கணுக்காலில் குறையில்லை. தொடாவிட்டால் தொடும் தூரத்துக்கு நெருங்கி வந்து, அதே அசைவையே தினமும் பழகுங்கள். இரு கால்களையும் தனித்தனியே சோதியுங்கள். வித்தியாசம் இருப்பது சகஜம்.

கேள்வி: அதுவரை குதிகாலுக்கு அடியில் பலகை வைக்கலாமா? ஏமாற்று வேலை போலத் தோன்றுகிறது.

பதில்: தாராளமாக வையுங்கள். பளுதூக்கும் வீரர்களின் காலணியிலும் குதிகால் உயர்ந்துதான் இருக்கிறது. பலகை ஆடாமல் இருந்தால் சரி.

கேள்வி: முழங்கால் விரல்களைத் தாண்டினால் மூட்டு கெட்டுவிடும் என்கிறார்களே?

பதில்: படி இறங்கும்போதும் தாண்டத்தான் செய்கிறது. மூட்டின் மேல் சுமை கூடுவது உண்மை. அதனால்தான் படிப்படியாக ஆழத்தைக் கூட்டச் சொல்கிறேன். நான் அஞ்சுவது வேறொன்றுக்கு: முழங்கால் உள்பக்கம் சரிவது. கைப்பேசியை எதிரே வைத்துப் படம் பிடித்துப் பாருங்கள். முழங்கால், பாதம் நோக்கும் திசையிலேயே போக வேண்டும். பெருவிரலின் அடி, சுண்டுவிரலின் அடி, குதிகால் மூன்றையும் தரையில் அழுத்தி நின்றால் பாதி சரிவு அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: முதல் நாள் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நாற்காலியிலிருந்து. அதன் முன்னே ஒற்றைக்காலில் நின்று, நான்கைந்து விநாடிகள் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். எழும்போது இரண்டு கால்களையும் ஊன்றலாம். தசை, தூக்கக்கூடியதைவிட அதிக எடையைத் தாங்கி இறக்கும். ஆகவே இறங்குவதுதான் முதலில் கைகூடும். பெரும்பாலோர் கடைசி நான்கு விரற்கடையில் கைவிட்டு, தொப்பென்று விழுகிறார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை இருக்கையின் உயரத்தைக் குறைக்காதீர்கள். ஐந்து முறை ஓசையில்லாமல் உட்கார முடிந்தால் இன்னும் தாழ்வான இருக்கைக்குப் போங்கள். அடியில் உட்கார்ந்ததும் தளர்ந்துவிடாதீர்கள். தளர்ந்த உடலை ஒற்றைக்காலால் எழுப்புவது வீண் பாடு.

கேள்வி: கையில் எடை பிடித்தால் சுலபமாகிறதாமே! கூடுதல் சுமை எப்படி உதவும்?

பதில்: கைகளை முன்னே நீட்டி 2 முதல் 5 கிலோ பிடித்தால், பின்னால் இழுக்கும் இடுப்புக்கு அது ஈடுகொடுக்கும். சமநிலை பழகியதும் எடையைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

கேள்வி: நீட்டிய காலின் தொடை மேல்பக்கம் பிடித்துக்கொள்கிறது.

பதில்: காலை உயர்த்திப் பிடிக்கும் இடுப்புத் தசைக்குப் பழக்கமில்லை. தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முழங்கால் மடங்காமல் ஒரு காலைச் சற்றுத் தூக்கி நிறுத்திப் பழகுங்கள். அதுவரை ஒரு உறுதியான மேடையின் விளிம்பில் நின்று, அந்தக் காலைக் கீழே தொங்கவிட்டே செய்யலாம்.

கேள்வி: எனக்கு 58 வயது. படி ஏறும்போதே முழங்கால் வலிக்கிறது. முயலலாமா?

பதில்: வயது தடையில்லை, வலி தடை. முதலில் மருத்துவரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பாருங்கள். இதைச் செய்தே தீர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

கேள்வி: தினமும் செய்யலாமா?

பதில்: வேண்டாம், வாரம் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். பலவீனமான காலில் தொடங்குங்கள். அது நான்கோடு நின்றால், பலமான காலுக்கும் நான்குதான்.